வேலிப் பொட்டால் போகும் அரிசி: பங்கு மக்கள் உணவுப் பொருள் சேர்த்துப் பசித்த அயலுக்குக் கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

இலங்கையின் வடக்கே வன்னியில் பனையோலை வேலி அடைக்கும்போது அயல்வீட்டுப் பக்கம் ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழையும் இடைவெளி, விட்டு அடைப்பார்கள். பிள்ளைகள் அதற்குள்ளால் ஓடித் திரிவார்கள். கறிக்கிண்ணம் போய் வரும். வேலை இல்லாத நாட்களில் ஒரு சுண்டு அரிசியும் அதால் போகும். வாங்கியவர் அறுவடைக்குப் பிறகு அதே பொட்டால் திருப்பிக் கொடுப்பார். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பது இரண்டு அடுப்படிக்கு வெளியே தெரியாது. இப்போது பல காணிகளைச் சுற்றித் தகரமும் மதிலும் வந்துவிட்டன. அந்தப் பொட்டு செய்த வேலையை இனி ஊராகச் சேர்ந்துதான் செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் சில வருடங்களாக உணவுப் பொருள் சேர்த்து, தேவைப்படும் வீடுகளுக்குக் கொடுத்து வருகிறோம். நிறையப் பிழை விட்டுத்தான் பழகினோம். உங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்கள் அதே பிழைகளை விடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இங்கே முப்பது வயதைத் தாண்டிய ஏறக்குறைய எல்லோரும் ஒரு காலத்தில் நிவாரண வரிசையில் நின்றவர்கள். போர் முடிந்த 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் சோற்றுக்கும் வரிசை, தண்ணீருக்கும் வரிசை. அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அங்கே கோப்பையோடு நின்ற பிள்ளைகள் இன்றைக்குத் தாய், தகப்பன். பசித்தாலும் இன்னொரு வரிசையில் போய் நிற்க மாட்டோம் என்று இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆகவே வரிசை இல்லாமல், ஒலிபெருக்கி இல்லாமல், படம் எடுக்காமல் கொடுப்பது எப்படி என்று யோசித்து, அதற்கேற்றபடி மற்ற வேலைகளை ஒழுங்கு செய்யுங்கள்.

1. எந்த மாதம் பசி வருகிறது என்று பாருங்கள்

ஒரு கொப்பியில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, உங்கள் ஊரில் எந்த மாதம் கூலி வேலை இருக்கும், எந்த மாதம் இருக்காது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் இது மாறும்.

வயல் ஊர்களில் காலபோக நெல்லைப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் வெட்டுகிறார்கள். விதைப்பு முடிந்ததும் வேலை குறைந்துவிடும். கையிலிருந்த காசு விதைநெல்லுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் போயிருக்கும். மழை விடாமல் அடிக்கும். மேசன் வேலையும் நடக்காது, கல் அரியவும் முடியாது. ஆகவே கார்த்திகை, மார்கழிதான் கூலிக்குப் போகிற வீடுகளில் அடுப்பு அணைகிற மாதங்கள். முல்லைத்தீவுக் கரையிலும் அதே காலம்தான், அங்கே காரணம் வாடைக்காற்று. கடல் அடிக்கும்போது வள்ளம் இறக்க முடியாது. மன்னார்ப் பக்கம் சில கரைகளில் சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் இந்தக் கஷ்டம் வரும். குளத்துத் தண்ணீர் எட்டாத மேட்டுக்காணி ஊர்களில் சிறுபோகம், அதாவது கோடையில் செய்யும் இரண்டாம் போகம், இல்லை. அங்கே ஆடி, ஆவணி வெயிலில் தோட்ட வேலையும் நின்று போகும்.

இனி, பங்குக் கோவில்கள் வழமையாக எப்போது பொருள் சேர்க்கின்றன என்று பாருங்கள். தவக்காலத்தில்தான். திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரையான அந்த நாட்கள் அறுவடை முடிகிற காலத்தோடு ஒன்றாக வருகின்றன. வீடுகளில் நெல் இருக்கும், ஒறுத்தல் செய்ய மனமும் இருக்கும். சேர்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் கொடுக்க வேண்டிய காலம் எட்டு மாதம் தள்ளி இருக்கிறது. நாங்கள் முதல் வருடம் சேர்த்த எல்லாவற்றையும் உயிர்ப்பு விழாவுக்கு முன்னமே கொடுத்து முடித்துவிட்டோம். அந்தக் கிழமை வாங்கிய வீடுகளில் பாதியில் ஏற்கெனவே அரிசி இருந்தது. கார்த்திகையில் ஒரு தாய் வந்து கேட்டபோது எங்களிடம் ஒரு சுண்டுகூட இல்லை.

அதற்குப் பிறகு முறையை மாற்றினோம்: தவக்காலத்தில் நெல்லாகச் சேர்த்து வைத்து, ஐப்பசியிலிருந்து குத்தி அரிசியாகக் கொடுப்பது. இடையில் வரும் அவசரத்துக்கு, வீடுகளில் பிடி பிடியாகச் சேர்த்து மாதா மாதம் வரும் பிடியரிசி.

2. ஐந்து பேர் போதும்

பெரிய குழு வேண்டாம். பங்குத்தந்தையிடம் பேசி, அருட்பணிச் சபையின் சம்மதத்தோடு ஐந்து பேர் பொறுப்பெடுங்கள். கணக்குக்கு ஒருவர், சாமான் அறைத் திறப்புக்கு ஒருவர், வீடுகளோடு பழக இரண்டு பேர், ஏற்றி இறக்க ஒருவர். கணக்கும் திறப்பும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. வீடுகளுக்குப் போகும் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் பொழுதுபட்ட பிறகு ஓர் ஆண் மூட்டையோடு போனால் அடுத்த நாள் அந்தப் பெண்தான் பேச்சு வாங்குவார்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகள் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்குள் வருகின்றன. வவுனியாவும் மன்னாரும் மன்னார் மறைமாவட்டம். கரித்தாஸ் என்ற கத்தோலிக்க உதவி அமைப்பு முதலாவதில் கியூடெக் என்றும் இரண்டாவதில் வாழ்வுதயம் என்றும் இயங்குகிறது. தொடங்குகிறபோதே ஒரு வார்த்தை அங்கே அறிவித்து வையுங்கள். வெள்ளம் வந்தால் அந்தத் தொடர்பு கைகொடுக்கும்.

3. எந்த வீடு என்று அறிவது

ஆராதனையில் எழும்பி நின்று, "கஷ்டப்பட்ட ஆட்கள் பெயர் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். உண்மையில் பசித்தவர் பெயர் தர மாட்டார். தருகிறவர்களின் பெயரை வைத்து நீங்கள் ஒரு பிழையான பட்டியல் செய்வீர்கள்.

அரசாங்கப் பட்டியலை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். 2023 இல் அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியபோது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு ஊரிலும் சண்டை நடந்தது நினைவிருக்கும். விதானையாரை (கிராம அலுவலரை) கட்டாயம் சந்தியுங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் பசியை அவருக்கு முன்பே அறிகிற ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள்.

கடைக்காரர் அவர்களில் முதல் ஆள். நூறு கிராம் பருப்பு, ஐம்பது கிராம் சீனி என்று வாங்கத் தொடங்கிய வீடு எது, கடன் கொப்பியில் கடனை நிறுத்திவிட்டு வராமல் விட்ட வீடு எது என்று அவருக்குத் தெரியும். அடுத்தது ஆரம்பப் பிரிவு ரீச்சர். காலைச் சாப்பாடு இல்லாமல் வந்து அசெம்பிளியில் தலைசுற்றி விழுகிற பிள்ளையை அவர் பார்க்கிறார். கிளினிக்கில் பிள்ளைகளின் நிறையைப் பார்க்கும் மருத்துவமாது எந்தப் பிள்ளையின் வளர்ச்சிக் கோடு கீழே போகிறது என்று அறிவார். பிள்ளையின் விபரத்தை அவரிடம் கேட்கக் கூடாது, அவர் சொல்லவும் கூடாது. நீங்கள் ஓர் ஆளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்; தேவைப்படுகிற தாயிடம் "இவையளோட கதைச்சுப் பாருங்கோ" என்று அவரே சொல்லி விடுவார்.

எங்கள் கண்ணுக்குத் தப்பின வீடுகளைச் சொல்கிறேன், நீங்கள் முதலிலேயே பாருங்கள். மகன் வெளிநாட்டில் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும் வயதான சோடி. மகன் காசு அனுப்பி இரண்டு வருடமாகியிருக்கும். காலோ கையோ இழந்து, கல்வீடு கிடைத்ததால் "அவருக்கென்ன குறை" என்று விடப்பட்டவர். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். இன்னும் பலருக்கு வயல் இல்லை, மற்றவரின் வயலில் கூலிதான், எங்கள் பங்குக் கூட்டங்களில் அவர்களின் குரல் கேட்பதே குறைவு. நுண்கடன் கட்டும் வீடு: கிழமைக்கு ஒருமுறை கட்டவேண்டிய காசைக் கொடுத்துவிட்டு அன்றைக்கு இரவு பிளேன்ரீயோடு படுப்பார்கள். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்ற பெயர் எல்லாப் படிவத்திலும் வரும். அந்தப் பெயரைப் பார்க்காமல் அடுப்பைப் பாருங்கள்.

தெரிந்த வீடுகளுக்கு எண் போடுங்கள். எண்ணும் பெயரும் சேர்ந்த தாள் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். மற்ற எல்லாக் கொப்பியிலும் எண் மட்டும்.

4. பிடியரிசி

இது எங்கள் பாட்டிமார் காலத்து வழக்கம். சோற்றுக்கு அரிசி அளந்து போட்டபின், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பேணியில் போடுவது. எங்கள் வீட்டில் கைகளை நிறுத்துப் பார்த்தோம். ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம் வந்தது. மாதம் முழுக்கப் போட்டால் 1 கிலோ 200 கிராம். அறுபது வீடுகள் ஒழுங்காகப் போட்டால் மாதம் 72 கிலோ. எந்த வீட்டுக்கும் இது பாரமில்லை. சமைக்கும்போது குறைந்தது தெரியவே தெரியாது.

செய்ய வேண்டியவை சின்ன விடயங்கள்தான், ஆனால் அவற்றில்தான் இது நிலைக்கும். மூடி இறுக்கமான பால்மாப் பேணியைக் கழுவி வெயிலில் காயவிட்டு பங்கிலுள்ள ஒவ்வொரு அன்பியத்துக்கும் (அயல்வீடுகள் சேர்ந்த சிறு குழுவுக்கும்) கொடுங்கள். பேணியில் வீட்டுப் பெயர் எழுத வேண்டாம். ஒரு வீட்டில் இந்த மாதம் அரைப்பேணி வந்தால் அது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அன்பியக் கூட்டம் நடக்கிற அன்று எல்லோரும் கொண்டுவந்து ஒரே கடகத்தில் கொட்டிவிட்டுப் போகட்டும். வெறும் பேணி கொண்டு வந்தவரும் கடகத்துக்குள் கையை விட்டு எடுப்பார், பேணியில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

சிவப்புப் பச்சை, நாடு, சம்பா என்று எல்லாம் கலந்து வரும். கலந்த அரிசி ஒன்றாக வேகாது. ஒன்று குழையும்போது மற்றது நறுக்கரிசியாக இருக்கும். அதனால் புழுங்கலுக்கு ஒரு கடகம், பச்சைக்கு ஒரு கடகம் வையுங்கள். அவ்வளவு பிரித்தால் போதும். வந்த அன்றே இரண்டு பேர் இருந்து சுளகில் புடைத்துக் கல்லும் வண்டும் பார்த்துவிடுங்கள். நாங்கள் ஒருமுறை பிந்திவிட்டோம். ஒரு பேணியிலிருந்த வண்டு மூன்று மூட்டைக்குப் பரவிவிட்டது.

5. களத்து நெல்

மாசியில் அறுவடை மெஷின் வயலில் நிற்கும்போதே கேளுங்கள். நெல் வீட்டுக்கு வந்து, விலை பேசி, கடனுக்குக் கழித்த பிறகு கேட்டால் கொடுக்க மனமிருந்தும் நெல் இருக்காது. "இத்தனை மூடை தாங்கோ" என்று அளவு சொல்ல வேண்டாம். ஒரு ஏக்கர் செய்தவரும் பத்து ஏக்கர் செய்தவரும் தங்கள் மனதுக்கு வந்ததைத் தரட்டும். புதிர் எடுக்கும்போது முதல் நெல்லைக் கோவிலுக்குக் கொண்டுவரும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையிலும் மெதடிஸ்த சபையிலும் அறுப்பின் பண்டிகைக்கு விளைந்ததைக் கொண்டு வந்து ஏலம் போடுவார்கள். அந்த நாளோடு இதைச் சேர்த்துக்கொள்ளலாம். காணிக்கைப் பவனியில் பீடத்துக்கு ஒரு சிறு பெட்டி நெல் போகட்டும், மூடைகள் நேரே களஞ்சியத்துக்குப் போகட்டும்.

நெல்லாக வைத்திருப்பதற்குக் காரணம் உமி. உமி இருக்கும்வரை மணி பாதுகாப்பாக இருக்கும். குத்திய அரிசி சில மாதங்களிலேயே வண்டுக்கும் மணத்துக்கும் உள்ளாகிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை, நெல் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பதன் 14 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். மெஷினால் வெட்டிய நெல்லில் ஈரம் கூட இருக்கும். அப்படியே மூடையில் கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு, மூன்று நாள் நல்ல வெயிலில் படங்கு விரித்துக் காயப்போடுங்கள். தார் றோட்டில் வேண்டாம், கல்லும் எண்ணெயும் சேரும். மில்லில் ஈரம் பார்க்கும் கருவி இருந்தால் ஒரு பிடி கொண்டுபோய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய ஆட்கள் செய்வதுபோல் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள்: காய்ந்தது 'டக்' என்று உடையும், ஈரமானது நசியும்.

100 கிலோ நெல் குத்தினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி வரும். மில்காரரிடம் தவிட்டைக் கூலிக்குக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் குத்துங்கள்.

6. வைத்திருக்கும் அறை

ஓட்டை இல்லாத கூரை, எலி நுழையாத கதவு, தரைக்கு மேலே அரை அடி உயரத்தில் மரப்பலகை. சுவரோடு சாத்தாமல் ஒரு முழம் விட்டு அடுக்குங்கள். காய்ந்த வேப்பிலையை மூடைகளுக்கிடையில் போடுவது இங்கே எல்லோருக்கும் தெரியும். பழையது முன்னுக்கு, புதியது பின்னுக்கு.

ஒரு விடயத்தில் நான் மிகக் கடுமையாக இருப்பேன். யூரியா வந்த பையிலோ கோழித்தீன் வந்த பையிலோ அரிசி போடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். வன்னியில் உரப்பை கைக்கு முன்னால் கிடக்கும், அதனால்தான் சொல்கிறேன். மா வந்த பை, சீனி வந்த பை, அரிசிப் பை இருக்கின்றன. கடைகளில் கேட்டால் தருவார்கள்.

7. என்ன கேட்பது, எதைத் திருப்பிக் கொடுப்பது

நெல், அரிசி தவிர: பருப்பு, கடலை, பயறு, சீனி, தேயிலை, உப்பு, தேங்காய், தேங்காய் எண்ணெய், மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு, சோயாமீற், ரின்மீன். ஒடியல் மாவும் குரக்கன் மாவும் தருகிறவர்கள் இருந்தால் மகிழ்ச்சியாக வாங்குங்கள். தேங்காயும் எண்ணெயும் கேட்கச் சிலர் கூச்சப்படுவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். அரிசியும் பருப்பும் மட்டும் கொண்ட பொதியை வைத்து ஒரு தாய் நல்ல கறி காய்ச்ச முடியாது.

வாங்க வேண்டாதவை: திகதி முடிந்தவை, வீங்கிய அல்லது நசிந்த ரின், உடைத்த பக்கற்றுகள், கறுத்துச் சுருங்கிய கச்சான். மனம் நோகாமல் அப்போதே சொல்லித் திருப்பிவிடுங்கள். வாங்கி வைத்துப் பிறகு எறிவதைவிட அது மரியாதை. வீட்டில் யாரும் சாப்பிடாததைக் கொண்டுவந்து தருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நான் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "தங்கச்சி, இதை உங்கட பிள்ளைக்குச் சமைச்சுக் குடுப்பீங்களா?" அநேகமாக அவர்களே திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

கைக்குழந்தைக்கான பால்மாவைப் பொதுப் பொதியில் வைக்காதீர்கள். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் எங்கள் கிளினிக்குகளும் சொல்வது. இலவசமாக வந்த பேணியால் தாய்ப்பாலைக் குறைத்துவிட்டு, பேணி முடிந்தபின் இரண்டும் இல்லாமல் நிற்கும் நிலை வரக் கூடாது. தாய்க்குச் சாப்பாடு கொடுங்கள். உண்மையில் பால்மா தேவைப்படும் குழந்தை இருந்தால் மருத்துவமாதுவோடு பேசிச் செய்யுங்கள்.

வெளிநாட்டிலுள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காசு அனுப்புவார்கள். அந்தக் காசில் ஊர்க்கடையிலேயே வாங்குங்கள். கொழும்பிலிருந்து லொறியில் இறக்கினால் கொஞ்சம் மலியலாம், ஆனால் கடன் கொப்பி வைத்து இவ்வளவு காலம் அந்த வீடுகளைத் தாங்கிய கடைக்காரருக்கு அந்த வியாபாரம் போகட்டும். 2022 இல் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியபோது, கடனுக்குக் கொடுத்துத் தானும் முறிந்துபோன சிறுகடைகள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன.

8. ஒரு பொதியில் எவ்வளவு

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிழமைக்கு நாங்கள் கட்டும் அளவு:

அரிசி 10 கிலோ
பருப்பு, பயறு அல்லது கடலை 1 கிலோ 700 கிராம்
எண்ணெய் முக்கால் லீற்றர்
சீனி 400 கிராம், உப்பு 250 கிராம், தேயிலை 100 கிராம்
மிளகாய்த்தூள் 100 கிராம்
தேங்காய் 5
கருவாடு அல்லது ரின்மீன், கிடைத்தபடி

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்றால், அவசர கால உதவியில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வது உலக வழக்கம். அரிசியும் பருப்பும் எண்ணெயும் சீனியும் சேர்ந்து ஆளுக்கு ஏறக்குறைய 1,750 தரும். மிச்சம் தேங்காயிலிருந்தும் கருவாட்டிலிருந்தும் வளவிலுள்ள மரவள்ளி, முருங்கை, பப்பாசியிலிருந்தும் வரும். முருங்கையிலை இல்லாத வீடு இங்கே குறைவு. வயல் வேலைக்குப் போகும் ஆண்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு அரிசியைக் கூட்டுங்கள்.

பொதியை இரண்டாகப் பிரித்துக் கட்டினால் சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டுபோகலாம். பையில் பங்கின் பெயரோ மாதா படமோ எந்த அமைப்பின் சின்னமோ இருக்கக் கூடாது. சாதாரணக் கடைப் பை. பார்க்கிறவருக்கு அது யாரோ சாமான் வாங்கிக்கொண்டு போவதாகத் தெரிய வேண்டும்.

9. கொடுப்பது

ஒரு முறை வெளியிலிருந்து வந்த ஒரு குழு எங்கள் மண்டபத்தில் பொருட்கள் கொடுத்தது. எங்களையும் கூட்டி வைத்திருந்தார்கள். கதிரைகளை வரிசையாகப் போட்டார்கள், பெயர் கூப்பிட்டார்கள், ஒவ்வொருவரும் பொதியை வாங்கும்போது கையை விடாமல் பிடித்துக்கொண்டு கமெராவைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் படங்கள் அன்று பின்னேரமே முகநூலில் வந்தன. அடுத்த கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பள்ளிக்கூடம் போகவில்லை. தாயின் படத்தை வகுப்பில் யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தாய் அதற்குப் பிறகு எங்களிடமும் எதுவும் வாங்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த நான் அன்று எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே கொடுக்கும் முறையை இப்படி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் எப்படியும் போய்வருகிற ஓர் ஆள் இருப்பார்: மாமி முறையானவர், கூட வேலைக்குப் போகிறவர், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர். பொதி அவர் கையால் போகும். பின்னேரம் ஆறு மணியைத் தாண்டி, விளக்கு வைத்த பிறகு. ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஒருபோதும் இல்லை. மறைக்கல்விப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். வாங்கும் வீட்டில் அவர்களோடு படிக்கும் பிள்ளை இருக்கும். பிள்ளைகள் பிடியரிசி புடைக்கட்டும், பொதி கட்டட்டும், அதில் அவர்கள் படிக்க நிறைய இருக்கிறது.

வாசலில் என்ன சொல்வது என்பதும் பெரிய விடயம். "உதவி கொண்டு வந்திருக்கிறம்" என்று தொடங்காதீர்கள். நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: "அக்கா, இந்த முறை நெல்லு கொஞ்சம் கூடச் சேர்ந்திட்டுது. பிள்ளையளுக்கு வைச்சிருங்கோ." அவர் வேண்டாம் என்றால் ஒருமுறை மட்டும், "சரி, பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். கையெழுத்து வாங்க வேண்டாம். தேநீர் தந்தால் குடியுங்கள். அதை மறுத்தால் நீங்கள் அயலவராக இருக்க மாட்டீர்கள், அதிகாரியாகிவிடுவீர்கள்.

எங்கள் அயலில் பெரும்பாலானோர் சைவர்கள். ஒரு கோவில் அரிசி கொடுத்தால், மதம் மாற்றத்தான் வருகிறார்கள் என்ற சந்தேகம் எழும். அந்தச் சந்தேகம் எழச் சில அனுபவங்களும் காரணம். பொதிக்குள் செபப் புத்தகம், துண்டுப்பிரசுரம், படம் எதுவும் வைக்காதீர்கள். வாசலில் நின்று செபிக்கத் தொடங்காதீர்கள். பூசைக்கு வரச் சொல்லாதீர்கள். தொடங்குவதற்கு முன்பே பிள்ளையார் கோவில், அம்மன் கோவில் பரிபாலன சபையாரோடு இருந்து பேசுங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவரைக் குழுவிலேயே சேருங்கள். அன்னதானம் செய்து பழகிய கைகள் அவை. கிடாரமும் அகப்பையும் அங்கேதான் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கந்தசஷ்டி விரதம் வரும். அந்த நாட்களில் சைவ வீட்டுப் பொதியில் கருவாட்டை எடுத்துவிட்டுப் பயறும் கடலையும் கூட்டி வையுங்கள். நீராவிப்பிட்டி போல முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள் பக்கத்தில் இருந்தால் இறைச்சி ரின்களைத் தவிருங்கள். மீன் பிரச்சினை இல்லை.

வரிசையாக நின்று வாங்கி எல்லோரும் ஒன்றாகக் குடிக்கிற ஒரு சாப்பாடு எங்களிடம் உண்டு, 2009 போரின் கடைசி நாட்களை நினைத்து வைகாசியில் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சி. அரிசியும் தண்ணீரும் உப்பும். அங்கே கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்று இரண்டு பக்கம் கிடையாது, பங்குத்தந்தையும் அதே சிரட்டையில் குடிக்கிறார். அந்த வரிசையில் மட்டும் யாருக்கும் வெட்கம் இல்லை.

10. கணக்கு

ஒவ்வொரு மாத முதல் ஞாயிறும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள்: வந்த நெல், வந்த அரிசி, வந்த காசு, குத்திய அளவு, கொடுத்த பொதிகளின் எண்ணிக்கை, மிச்சம். வீட்டு எண்கூட அதில் வேண்டாம். காசு அனுப்பியவர்கள் படம் கேட்பார்கள். அடுக்கிய மூடையையும் தராசையும் கடைப் பில்லையும் படம் எடுத்து அனுப்புங்கள். முகம் கேட்டால், "எங்கட பங்கில் அப்படிச் செய்யிறதில்லை" என்று அமைதியாகச் சொல்லுங்கள். ஒருவர் அதற்காகக் காசு அனுப்புவதை நிறுத்தினார். நாங்கள் இன்னும் படம் எடுக்கவில்லை.

11. வெள்ளம் வந்தால்

2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவில் ஊர்கள் தண்ணீருக்குள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு நாளில் பொதி உதவாது. அடுப்பே தண்ணீருக்குள் இருக்கும். சமைத்த சாப்பாடுதான். இதற்கென்று மழைக்கு முன்பே 100 கிலோ அரிசி, 15 கிலோ பருப்பு, சோயாமீற், உப்பு, தேயிலை, சீனியை மண்டபத்தில் உயரமான இடத்தில் தனியாக வையுங்கள். காய்ந்த விறகையும் கூரைக்குக் கீழே அடுக்குங்கள். மழைக்காலத்தில் எல்லாம் கிடைத்து விறகு கிடைக்காமல் நின்றிருக்கிறோம்.

தேங்காய்ப்பால் விட்ட கறி சீக்கிரம் பழுதாகும். சோறு, தண்ணீர்ப் பருப்பு, சோயாமீற் பிரட்டல் போதும். சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கைக்குப் போக வேண்டும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் யாரும் குடிக்கக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவித்தால் குளோரின் போட வருவார்.

12. "இனி வேண்டாம்" என்று சொல்லும்போது

ஒரு வீட்டுக்கு எவ்வளவு காலம் கொடுப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். நாங்கள் கால எல்லை போடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து பேரும் இருந்து எண்களைப் பார்க்கிறோம். வேலை கிடைத்த வீடு, பிள்ளை காசு அனுப்பத் தொடங்கிய வீடு அநேகமாகத் தாங்களே சொல்லிவிடும். நோயாளியும் முதியவரும் உள்ள வீடுகள் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். அதில் தவறு இல்லை.

போன மாசியில் ஒரு வீட்டுக்காரர் இனி வேண்டாம் என்று சொன்னார். அவருடைய குத்தகை வயலில் அந்த முறை நன்றாக விளைந்திருந்தது. பொதி கொண்டுபோனவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, ஒரு பால்மாப் பேணி இருக்குமா என்று கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறே அன்பியத்தில் கொடுத்தோம். இப்போது அந்தப் பேணியும் மற்றப் பேணிகளோடு வந்து கடகத்தில் கொட்டுப்படுகிறது.